இரண்டாம் உலகப் போர்: எந்த நாட்டின் வழியாக உள்ளே நுழைவது?

இரண்டாம் உலகப் போரை முறையாகப் படிக்க விரும்புகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் திணறுகிறார்கள். 1939 முதல் 1945 வரை ஆண்டுவாரியாகப் படித்துக்கொண்டு போனால் போலந்து, நார்வே, பிரான்ஸ், லிபியா, கிரீஸ், ரஷ்யா, மலேயா, பசிபிக் தீவுகள் என்று சில பக்கங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருக்கும். தேதிகளும் தளபதிகளின் பெயர்களும் நினைவில் தங்கும். அந்த ஆறு ஆண்டுகளை ஓர் ஊர் எப்படிக் கடந்தது என்பது பிடிபடாது. ஒரு நாட்டைத் தேர்ந்துகொண்டு முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அதனுடனேயே இருந்துவிட்டு, அதன்பின் மற்ற நாடுகளுக்குப் போவதுதான் நல்ல வழி என்பது என் உறுதியான எண்ணம். எந்த நாடு என்பதுதான் முடிவு செய்யவேண்டியது.

நம்மில் பெரும்பாலோருக்கு இந்த முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். பள்ளிப் பாடமும் ஆங்கிலப் புத்தகங்களும் ஹாலிவுட் படங்களும் நம்மை பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரண்டு வாசல்கள் வழியாகவே உள்ளே அழைத்துப் போகின்றன. இடதுசாரிக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு மூன்றாவதாக சோவியத் வாசல் ஒன்று இருந்தது. மூன்றுமே வென்றவர்களின் வாசல்கள். வென்றவர் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வென்றவருக்குத் தன் கதையை எங்கே தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்துவிடுகிறது. அதில்தான் பெரிய பிசகு நிகழ்கிறது.

ஆகவே நாடுகளை ஒப்பிடும்போது நான் சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்கிறேன். அந்த மண்ணில் போர் எத்தனை காலம் நடந்தது? அதன் சுமையை யார் தாங்கினார்கள்? அந்த நாடு தன் கதையில் எதை மறைக்கிறது, மறைத்ததை வெளிக்கொண்டுவர ஆவணங்கள் இருக்கின்றனவா? நமக்கும் அதற்கும் ஏதாவது உண்மையான தொடர்பு உண்டா? இந்தக் கேள்விகள் எல்லா நாட்டுக்கும் சமமாகப் பொருந்தாது. சில நாடுகளைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கும். சிலவற்றைச் சில வரிகளில் கடந்துவிடலாம்.

பிரிட்டனும் அமெரிக்காவும்

பிரிட்டனில் தொடங்குவதன் வசதியை மறுக்க முடியாது. 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவித்து, 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணியும் வரை இடைவெளி இல்லாமல் போரில் இருந்த நாடு அது. ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன; லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அமைச்சரவைக் குறிப்புகள் வரை படிக்கக் கிடைக்கின்றன. 1940 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000 வீரர்களை மீட்டது, அந்தக் கோடையில் வான்போரில் ஜெர்மனியைத் தடுத்து நிறுத்தியது, செப்டம்பரிலிருந்து மறு ஆண்டு மே வரை குண்டுவீச்சில் 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்களை இழந்தும் பணியாமல் இருந்தது எல்லாமே உண்மையான பெருமைகள். அந்த ஓராண்டு பிரிட்டன் பணிந்திருந்தால் பிறகு நடந்த எதுவும் அப்படியே நடந்திருக்காது.

ஆனால் பிரிட்டன் தனியாக நின்றது என்ற கதை இந்தியாவை மறைக்கிறது. நம் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் இறக்கினார். அதை எதிர்த்துத்தான் 1939 இறுதியில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவையும் அவற்றில் ஒன்று. போர் முடிவதற்குள் இந்திய ராணுவம் 25 லட்சம் பேரைக் கொண்டதாக வளர்ந்தது. வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் அவர்கள் போரிட்டார்கள்.

1943-ன் வங்கப் பஞ்சத்தைப் பிரிட்டனின் போர்க் கணக்கில் சேர்க்காமல் அந்த நாட்டைப் படித்து முடித்ததாக யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வரும் அரிசி நின்றது. எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்று கடலோர வங்கத்தில் அரசே படகுகளைப் பறிமுதல் செய்தது. மீனவர்களும் நெல் வியாபாரிகளும் முடங்கினார்கள். 1942 அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் அடித்தது. போர்ச் செலவுக்காக அச்சடித்த பணம் விலைவாசியை ஏற்றியது. தானியம் அனுப்பக் கப்பல் கேட்டபோது லண்டன் போர் அமைச்சரவை போதிய அளவு தரவில்லை. இறந்தவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். போரில் பிரிட்டன் இழந்த மொத்த உயிர்கள் ஏறத்தாழ 4.5 லட்சம். அதன் ஆட்சியின் கீழ் வங்கத்தில் பசியாலும் நோயாலும் மடிந்தவர்கள் அதைவிட ஆறு மடங்குக்கு மேல். இந்த இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தபிறகு பிரிட்டனைப் படித்தால் பயன் அதிகம். முதலில் படித்தால், டன்கர்க் முன்னால் வந்து மேதினிப்பூர் அடிக்குறிப்பாகிவிடும்.

அமெரிக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர் எப்படி வெல்லப்பட்டது என்ற கேள்விக்கு அது மிக நல்ல விடை. டெட்ராய்ட் அருகே வில்லோ ரன் ஆலையில் ஃபோர்டு நிறுவனம் உச்சகட்டத்தில் மணிக்கு ஒன்று என்ற வேகத்தில் கனரகக் குண்டுவீச்சு விமானங்களைச் செய்தது. போர்க்காலத்தில் அந்த நாடு செய்த விமானங்கள் ஏறத்தாழ 3 லட்சம். சோவியத் படைகள் பெர்லின் வரை போன லாரிகளில் கணிசமான பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆனால் போர் அந்நாட்டுக்கு, ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய 1941 டிசம்பர் 7 அன்றுதான் தொடங்குகிறது. அதற்குள் சீனா நான்கரை ஆண்டுகள் போரிட்டிருந்தது. அமெரிக்கா ஏறத்தாழ 4 லட்சம் வீரர்களை இழந்தது. அதன் பெருநிலத்து ஊர்களில் குண்டு விழவில்லை. ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை, அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்களாக இருந்தும், முகாம்களில் அடைத்ததும், கறுப்பினத்தவரைத் தனிப் பிரிவுகளில் வைத்துக்கொண்டே இனவெறிக்கு எதிராகப் போரிட்டதும் அங்கேயே விரிவாக எழுதப்பட்டுவிட்டன. 1988-ல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த முகாம்வாசிகளுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தது. தன் தவற்றைப் பதிவு செய்வதில் அந்த நாடு மோசமில்லை. ஆனால் குண்டு விழாத ஊர்களிலிருந்து படிக்கத் தொடங்கினால் போர் ஒரு தொழிற்சாலைச் சாதனையாகத் தெரியும். அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ படிக்கவேண்டிய நாடு.

சோவியத் ஒன்றியம்

எடையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பதென்றால் வேறு பேச்சுக்கே இடமில்லை. ஏறத்தாழ 2.7 கோடி பேர் இறந்தார்கள். பெலாரஸில் நான்கில் ஒருவர் பிழைக்கவில்லை. போரில் இறந்த ஜெர்மன் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் கிழக்குப் போர்முனையில்தான் இறந்தார்கள். 1944 ஜூன் 6 அன்று நேச நாடுகள் நார்மண்டியில் இறங்கியதை எல்லோரும் அறிவார்கள். அதே மாதம் 22-ஆம் தேதியையொட்டி பெலாரஸில் செம்படை தொடங்கிய தாக்குதலில் ஜெர்மனியின் மையப் படைத்தொகுதியே சிதறிப்போனது. அதன் பெயர்கூட நம் பாடநூல்களில் வருவதில்லை.

லெனின்கிராடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள் முற்றுகை. முதல் குளிர்காலத்தில் தொழிலாளி அல்லாத ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கொடுத்த ரொட்டி 125 கிராம். அதிலும் பாதியளவு மாவுக்குப் பதிலாக வேறு பொருள்களின் கலப்பு. உறைந்த லடோகா ஏரியின் மேல் லாரிகள் ஓடித்தான் நகரத்துக்கு உணவு வந்தது. அந்த ஒரு நகரத்தில் இறந்த பொதுமக்கள், போர் முழுவதிலும் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து இழந்த பொதுமக்களைப் போல் பல மடங்கு. பட்டினி போட்டே நகரத்தை அழிப்பது ஜெர்மன் தலைமை தெரிந்தே எடுத்த முடிவு. ஜெர்மனியிடம் பிடிபட்ட சோவியத் போர்க்கைதிகள் ஏறத்தாழ 57 லட்சம் பேரில் 33 லட்சம் பேர் இறந்தார்கள். மேற்குநாட்டுக் கைதிகளுக்கு அப்படி நேரவில்லை. கிழக்கில் நடந்தது வேறு வகைப் போர் என்பதை இந்த ஒரு எண்ணே காட்டிவிடும்.

பிறகு ஏன் இதையே முதல் தேர்வாகச் சொல்லவில்லை? காரணம், கதை எங்கே தொடங்குகிறது என்பது. சோவியத் மரபில் போர் 1941 ஜூன் 22 அன்று, ஜெர்மனி படையெடுத்த விடியலில் தொடங்குகிறது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் வெளியிட்டு நம் ஊர்களில் மலிவு விலைக்குக் கிடைத்த நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கும் அதே தேதிதான் பதிந்திருக்கிறது. ஆனால் அதற்கு இருபத்திரண்டு மாதங்களுக்கு முன், 1939 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாலினின் அரசு ஹிட்லரின் அரசோடு உடன்படிக்கை செய்து, அதன் ரகசிய இணைப்பில் கிழக்கு ஐரோப்பாவைப் பங்கு பிரித்துக்கொண்டது. செப்டம்பர் 17 அன்று செம்படை போலந்துக்குள் நுழைந்தது. 1940 வசந்தத்தில் கட்டின் காட்டிலும் மற்ற இடங்களிலும் ஏறத்தாழ 22,000 போலந்து அதிகாரிகளையும் காவலர்களையும் படித்தவர்களையும் சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்தப் பழியை ஜெர்மனியின்மேல் போட்டுவிட்டு, 1990-ல்தான் கோர்பச்சேவ் காலத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போதே செச்சேனியர்களையும் கிரிமியத் தாத்தார்களையும் முழு இனமாக ரயிலேற்றி நாடுகடத்தினார்கள்.

லெனின்கிராடில் பசியோடு நின்றவர்களின் தியாகத்தை இவை எதுவும் குறைத்துவிடாது. அந்த மக்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தத் தியாகத்தில் மனம் ஒன்றியபிறகு 1939-ஐத் திரும்பிப் பார்ப்பது கடினம். எனக்குத் தெரிந்த நல்ல வாசகர்கள் பலர் அந்த இருபத்திரண்டு மாதங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். 1939-ஐ முதலிலேயே பார்த்துவிட்டு சோவியத்துக்குப் போனால் இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்திருக்க முடியும்.

ஜெர்மனி

ஏன் நடந்தது என்பதே உங்கள் கேள்வியாக இருந்தால் ஜெர்மனிதான் வாசல். முதல் உலகப் போரின் தோல்வி, வெர்சாய் உடன்படிக்கை, 1923-ன் பணவீக்கம், 1929-க்குப் பின் வேலையின்மை, 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் சான்சலர் ஆனது என்று காரணங்கள் வரிசையாக நிற்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இது பொருந்தும். வினாத்தாள்கள் பெரும்பாலும் காரணங்களைத்தான் கேட்கின்றன. ஆவணங்களும் ஏராளம். வென்ற நாடுகள் ஜெர்மன் அரசின் கோப்புகளை டன் கணக்கில் கைப்பற்றி, போர்க்குற்றங்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில் வைத்தன.

ஓர் எச்சரிக்கை மட்டும். போருக்குப் பின் ஜெர்மன் தளபதிகள் எழுதிக் குவித்த நினைவுக்குறிப்புகள், குற்றமெல்லாம் ஹிட்லருடையது, ராணுவம் கை கறைபடாமல் போரிட்டது என்ற படத்தை உருவாக்கின. அது பல பத்தாண்டுகள் நின்றது. 1995-ல் ஹாம்பர்க்கில் தொடங்கிய ஒரு கண்காட்சி, கிழக்கில் ராணுவமே படுகொலைகளில் பங்கெடுத்ததைப் புகைப்படங்களோடு காட்டியபோது நாடே கொந்தளித்தது. தமிழில் இன்றும் ஹிட்லரைப் பற்றி வரும் எழுத்துகள் பலவற்றில் தலைவரின் ஆளுமைமீது ஒரு மயக்கம் இருக்கிறது. 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஓர் அரசை ‘ஒழுங்கு’, ‘தன்னம்பிக்கை’ என்ற சொற்களால் அறிமுகப்படுத்தும் புத்தகத்தைக் கையில் எடுத்திருந்தால், அதை மூடி வைத்துவிட்டு வேறு புத்தகம் தேடுங்கள்.

பிரான்சையும் இத்தாலியையும் முதல் நாடாகப் பரிந்துரைக்க மாட்டேன். பிரான்ஸ் ஆறு வாரத்தில் வீழ்ந்து, ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசு ஒருபுறமும் அதை எதிர்த்த தெ கோலின் சுதந்திர பிரான்ஸ் மறுபுறமும் என்று பிளந்தது. புதுச்சேரி, காரைக்கால் வாசகர்களுக்கு மட்டும் அதில் தனிச் சுவை உண்டு. பிரெஞ்சிந்திய ஆளுநர் போன்வென் 1940-லேயே தெ கோல் பக்கம் சேர்ந்தார். இத்தாலி 1940 ஜூனில் ஜெர்மனியோடு சேர்ந்து இறங்கி, 1943 அக்டோபரில் அதே ஜெர்மனிமேல் போர் அறிவித்தது. முன்பே படம் தெளிவாகப் பிடிபட்டவருக்குத்தான் இவை விளங்கும்.

சீனா

உலகப் போர் 1939-ல் தொடங்கியது என்பது ஐரோப்பாவின் கணக்கு. பெய்ஜிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் 1937 ஜூலை 7 அன்று தொடங்கிய மோதல் எட்டு ஆண்டுகள் நீடித்தது. இறந்த சீனர்கள் ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடி வரை என்று கணக்கிடுகிறார்கள். ஜப்பானியப் படைகள் நடத்திய நான்ஜிங் படுகொலையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1938 ஜூனில் ஜப்பானியரைத் தடுக்க சீன அரசே மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்துவிட்டு, தன் சொந்த விவசாயிகளை லட்சக்கணக்கில் வெள்ளத்துக்கும் பட்டினிக்கும் பலி கொடுத்ததைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஒரு நாடு எந்த எல்லைக்குத் தள்ளப்பட்டது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியாது.

ஆசியாவின் போரைப் படிக்க இதுவே சரியான தொடக்கம். சிக்கல், கதையைச் சொன்னவர்களில் இருக்கிறது. போர்முனையில் பெரும்சுமையைத் தாங்கியது சியாங் கை ஷேக்கின் தேசியவாத அரசு. 1949-ல் ஆட்சியைப் பிடித்தது கம்யூனிஸ்டுக் கட்சி. பல பத்தாண்டுகள் தேசியவாதப் படைகளின் போர் பெய்ஜிங்கின் வரலாற்றில் மங்கலாகவே இருந்தது. அண்மைக் காலத்தில்தான் அது ஓரளவு மாறியிருக்கிறது. சீன மொழி தெரியாதவர்கள் ஆங்கில ஆய்வாளர்களை நம்பித்தான் போக வேண்டும். இந்தியா 1938-ல் அனுப்பிய மருத்துவக் குழுவும், அதில் போய் 1942-ல் அங்கேயே உயிர்விட்ட டாக்டர் கோட்னிஸும் நமக்கு ஒரு நூலிழைத் தொடர்பு.

போலந்து

நான் முதலில் படிக்கச் சொல்வது போலந்தைத்தான். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

ஐரோப்பியப் போர் அங்கேதான் தொடங்கியது. அங்கே ஒருநாளும் நிற்கவில்லை. 1939 செப்டம்பர் 1 அன்று மேற்கிலிருந்து ஜெர்மனி வந்தது. பதினாறு நாள் கழித்துக் கிழக்கிலிருந்து சோவியத் ஒன்றியம் வந்தது. ஒரே நாட்டுக்குள் நின்றுகொண்டு ஹிட்லரின் ஆட்சியையும் ஸ்டாலினின் ஆட்சியையும் ஒரே காலத்தில் பார்க்க முடிகிற இடம் அது. ஒரு பக்கம் ஜெர்மானியர் கிராக்கோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்து மொத்தமாகக் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். மறுபக்கம் சோவியத் அதிகாரிகள் குடும்பம் குடும்பமாகப் போலந்துக்காரர்களைச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் சரக்கு ரயில்களில் ஏற்றினார்கள்.

யூத இனப்படுகொலையின் கொலைக்கூடங்கள் அந்த மண்ணில்தான் இருந்தன. ஆஷ்விட்ஸ், ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக், கெல்ம்னோ என்று ஜெர்மானியர் அமைத்த மரண முகாம்களின் பெயர்களைப் படிக்கிறோம். அவை எல்லாம் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் இருந்தவை என்பது நினைவில் தங்குவதில்லை. போருக்கு முன் அங்கே வாழ்ந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் பத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். யூதரல்லாத போலந்துக்காரர்களையும் சேர்த்தால், இறந்தவர்கள் 55 முதல் 60 லட்சம். நாட்டில் ஏறத்தாழ ஆறில் ஒருவர். 1943 ஏப்ரலில் வார்சா யூதக் குடியிருப்பில் எழுந்த கிளர்ச்சியையும், 1944 ஆகஸ்டு 1 முதல் 63 நாள் நடந்த வார்சா எழுச்சியையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். இரண்டாவதில் செம்படை விஸ்துலா ஆற்றின் மறுகரையில் நின்றது. எழுச்சியை நசுக்கிய ஜெர்மானியர் நகரத்தை வீடு வீடாகத் தகர்த்தார்கள். அந்த ஆற்றங்கரையில் செம்படை ஏன் நின்றது, களைப்பாலா கணக்காலா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இரண்டு காரணங்களும் இருந்தன என்று நான் கருதுகிறேன். உதவ வந்த மேற்குநாட்டு விமானங்கள் தன் தளங்களில் இறங்க ஸ்டாலின் வாரக்கணக்கில் அனுமதி மறுத்ததைக் களைப்பு என்ற ஒன்றால் விளக்க முடியாது.

போலந்தைப் பின்தொடர்ந்தால் மற்ற போர்முனைகள் தாமாகவே வந்து சேர்கின்றன. ஒரு கூட்டுக்குடும்பத்தின் ஒரு மருமகளைப் பற்றிக் கேட்டால் வீடு முழுவதன் கதையும் வெளியே வருவதுபோல, இந்த ஒரு நாட்டைப் பிடித்தால் போர் முழுவதும் பின்னாலேயே வருகிறது. ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை முதலில் உடைத்தவர்கள் மரியன் ரெயெவ்ஸ்கியும் அவருடைய தோழர்களுமான போலந்துக் கணித அறிஞர்கள். 1939 ஜூலையில் அதைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கையளித்தார்கள். பிரிட்டனின் வான்போரில் 303-ஆம் போலந்துப் படைப்பிரிவு முன்வரிசையில் நின்றது. சோவியத் முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களைக் கொண்டு ஜெனரல் ஆண்டர்ஸ் அமைத்த படை ஈரான், பாலஸ்தீனம் வழியாக இத்தாலிக்குப் போய் 1944 மே மாதம் மோன்டே காசினோ மடத்தைப் பிடித்தது. அதே மலைகளில் இந்திய வீரர்களும் போரிட்டு மடிந்திருந்தார்கள். வேறொரு போலந்துப் படை செம்படையோடு பெர்லினுக்குள் நுழைந்தது. சைபீரியாவிலிருந்து தப்பிய அநாதைக் குழந்தைகளுக்கு ஜாம்நகர் அரசர் திக்விஜய்சிங்ஜி பாலாச்சடியில் இடம் கொடுத்தார். கோலாப்பூர் அருகே வளிவடேயில் ஆயிரக்கணக்கான போலந்து அகதிகள் போர் முடிந்தபின்னும் சில ஆண்டுகள் வரை வாழ்ந்தார்கள்.

முடிவும் நேர்மையான முடிவு. எந்த நாட்டின் சுதந்திரத்துக்காகப் பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தனவோ அந்த நாடு 1945-ல் சுதந்திரம் பெறவில்லை. சோவியத், அமெரிக்க, பிரிட்டிஷ் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டில் அதன் எதிர்காலம் அதைக் கேட்காமலே பேசப்பட்டது. எல்லைகள் மேற்கே நகர்த்தப்பட்டன. கிழக்கே லிவோவ் நகரம் சோவியத்துக்குப் போயிற்று, மேற்கே ஜெர்மனியின் பிரெஸ்லாவ் வந்தது. 1946-ல் லண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் போலந்துப் படைகள் நடக்கவில்லை. ‘நன்மை வென்றது’ என்று மட்டும் சொல்லிப் போரை மூடிவிட முடியாது என்பது வேறெந்த நாட்டையும்விட இங்கே தெளிவாகத் தெரியும்.

போலந்தும் தன் கதையில் சிலவற்றை மறைக்கிறது. 1938 அக்டோபரில், ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவை வெட்டியபோது, போலந்தும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. 1941 ஜூலையில் யெட்வாப்னே என்ற சிற்றூரில் யூதர்களைக் கொன்று, ஒரு களஞ்சியத்துக்குள் அடைத்து எரித்தவர்கள் அவர்களுடைய போலந்து அண்டைவீட்டார். 1946 ஜூலையில், போர் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆனபின், கியெல்செ நகரில் 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பாதிக்கப்பட்ட நாடு என்ற பெருமிதத்துக்கு இவை இடைஞ்சல் என்பதால் இன்றும் அங்கே இவற்றைப் பற்றிப் பேசினால் அரசியல் சூடாகிறது. ஆனால் இரண்டு பக்கத்து வாதங்களும் ஆங்கிலத்தில் படிக்கக் கிடைக்கின்றன. அது வாசகருக்கு நன்மை.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். தமிழில் போலந்தைப் பற்றிய போர்நூல்கள் அரிது. பெயர்களை உச்சரிப்பதே முதல் சில வாரங்கள் தடையாக இருக்கும். ஊர்களுக்குப் போலிஷ், ஜெர்மன், ரஷ்யப் பெயர்கள் தனித்தனியாக இருப்பதால் வரைபடம் பக்கத்தில் இல்லாமல் படிக்க முடியாது. 1939-க்கு முந்தைய எல்லைகளைக் காட்டும் வரைபடம் ஒன்றும், 1945-க்குப் பிந்தையது ஒன்றும் கையில் இருந்தால் பாதிச் சிரமம் தீரும்.

யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

நிதானமாகப் படிக்க நேரம் உள்ளவர் போலந்தில் தொடங்கி, அங்கிருந்து சோவியத் ஒன்றியத்துக்குப் போகட்டும். 1941 ஜூன் 22-ஐ அடையும்போது கட்டின் காடு ஏற்கெனவே மனத்தில் இருக்கும். லெனின்கிராடும் ஸ்டாலின்கிராடும் அப்போதும் நெஞ்சை உலுக்கும். மூன்றாவதாக சீனா. பிரிட்டனும் அமெரிக்காவும் கடைசியில் வரட்டும். அவை ஏற்கெனவே பாதி தெரிந்தவை, விட்ட இடங்களை நிரப்பிக்கொள்வது எளிது. ஒரே ஒரு நாட்டைத்தான் படிக்க முடியும் என்பவருக்கு மட்டும் சோவியத் ஒன்றியத்தைச் சொல்வேன், 1939 ஆகஸ்டிலிருந்து தொடங்குவது என்ற நிபந்தனையோடு. தேர்வு நெருங்கிவிட்ட மாணவர் ஜெர்மனியையும் வெர்சாயையும் பிடித்துக்கொள்வதில் தவறில்லை.

இன்னொரு வகை வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ மலேயாவிலோ பர்மாவிலோ இருந்த தமிழ்க் குடும்பங்கள் அவை. நீங்கள் ஜப்பானில் தொடங்குங்கள். அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தியதும், தன் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கை அங்கிருந்தே வாங்கிக்கொண்டிருந்த ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவின் எண்ணெயையும் ரப்பரையும் தகரத்தையும் குறிவைத்தது. உள்ளூர் நேரப்படி 1941 டிசம்பர் 8 அதிகாலையில், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குச் சற்று முன்பே, ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் இறங்கின. பத்து வாரத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் விழுந்தது. ரங்கூனிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்து வந்தார்கள்; வழியில் விழுந்தவர்களை எண்ணியவர் இல்லை. ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை நகரத்திலிருந்து மக்கள் திரள்திரளாக வெளியேறினார்கள்.

சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போன மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். ஜப்பானியர் அதை அமைக்க நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோரையும், இரண்டு லட்சத்துக்கு மேல் ஆசியத் தொழிலாளர்களையும் பயன்படுத்தினார்கள். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அந்த இரண்டாவது கூட்டத்தில் பெருந்தொகை. போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள், பெரும்பாலும் பெயர் பொறித்த கற்களின் கீழ். காலராவிலும் பட்டினியிலும் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போல் பல மடங்கு. அவர்களுக்கு அப்படிப்பட்ட பதிவேடு இல்லை. போர் முடிந்த சில நாள்களில் ஜப்பானிய அதிகாரிகள் கோப்புகளைக் கூட்டம் கூட்டமாக எரித்ததும் இதற்கு ஒரு காரணம். பிரிட்டிஷ் அரசு தன் கைதிகளைத் தேடிய அக்கறையோடு தோட்டத் தொழிலாளர்களைத் தேடவில்லை என்பது மற்றொரு காரணம்.

அதனால் இந்த வாசகர்கள் புத்தகத்துக்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் தோட்டத்தின் பெயர், அதன் அருகிலுள்ள நகரம், யாரை எந்த ஆண்டு கொண்டுபோனார்கள், யார் திரும்பி வந்தார்கள், இந்திய தேசிய ராணுவத்தில் யாராவது சேர்ந்தார்களா என்பதை இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய கடிதம், கப்பல் டிக்கெட், ஜப்பானியர் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு எதுவானாலும் புகைப்படம் எடுத்து வையுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன. தோட்டத்தின் பெயரும் ஆண்டும் கையில் இருந்தால் அவற்றில் தேடுவது எளிதாகும்.